மகள் கூற்று, தாய் கூற்று, தோழி கூற்று

பையனைப் பற்றி விசாரிக்கக் கிளம்புகிறவர்கள் எங்கள் தாமிரபரணிக் கரையில் நேரே பையன் வீட்டு வாசலில் போய் நிற்பதில்லை. திருச்செந்தூர் ரயிலில் வந்து ஆழ்வார்திருநகரியில் இறங்குவார்கள். முதலில் ஒரு டீக்கடை. பெரும்பாலும் இரண்டு பேர். ஒருவர் பெண்ணின் தாய்மாமா, இன்னொருவர் பேச்சுத் துணைக்கு. டீயைப் பாதி குடித்த பிறகுதான் வந்த விஷயம் வெளியே வரும்.

"அண்ணாச்சி, அந்தப் பச்சை கேட் போட்ட வீட்டுல மூத்தவன் மெட்ராஸ்ல வேலை பாக்கானாமே, ஆளு எப்பிடி?"

"அவனா? தங்கமான பய. யாருட்டயும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். அவங்க அய்யா முடியாம கெடந்தப்ப லீவு போட்டுட்டு வந்து கூடவே இருந்தாம்லா. என்ன, கோவம் வந்தாத்தான் கொஞ்சம்..."

கடைக்காரர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த கிளாஸைக் கழுவப் போய்விடுவார். சின்ன வயதில் இப்படியொரு விசாரணைக்கு என் மாமாவோடு நானும் போயிருக்கிறேன். திரும்பி வருகிற வழியெல்லாம் மாமா அந்தக் 'கொஞ்சம்' என்ற ஒரு சொல்லையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? கத்துவானா, கை நீட்டுவானா, இரண்டு நாள் பேசாமல் இருப்பானா?

மாமா கேட்ட கேள்விதான் ஆளுமை உளவியலின் அடிப்படைக் கேள்வி. ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்பதை யாரிடம் கேட்டால் சரியாகத் தெரியும்? அவரிடமேயா, வீட்டாரிடமா, நண்பரிடமா? உளவியல் பேராசிரியர்கள் இந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பல பத்தாண்டுகளாகச் சோதித்துவருகிறார்கள். அவர்களுடைய விடைகளைப் படிக்கப் படிக்க, எனக்குத் திரும்பத் திரும்ப ஆழ்வார்திருநகரியே நினைவுக்கு வந்தது. அதற்குக் காரணம் டீக்கடை மட்டுமில்லை. அந்த ஊர்க் கோயிலுக்குள் நிற்கும் புளியமரமும், அதனடியில் பிறந்த பாசுரங்களும்கூடத்தான்.

முதலில் ஒரு கல்யாணக் கதை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லோவல் கெல்லி என்ற உளவியல் பேராசிரியர் 1930-களின் நடுவில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். கல்யாணம் நிச்சயமாகியிருந்த 300 ஜோடிகளைச் சேர்த்துக்கொண்டார். மாப்பிள்ளையிடமும் பெண்ணிடமும் அவரவர் குணத்தைப் பற்றிக் கேட்டதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொருவரையும் நன்றாகத் தெரிந்த நண்பர்கள் சிலரைப் பிடித்து, அவர்களையும் தனித்தனியே மதிப்பிடச் சொன்னார். அந்த நண்பர்களில் பலர் கல்யாணத்தன்று மணமக்களுக்குத் தோழனாகவும் தோழியாகவும் பக்கத்தில் நிற்கப்போகிறவர்கள். நம் டீக்கடை விசாரணைதான். ஆனால் காகிதத்தில், எண்களோடு, முறையாக.

அந்தக் காகிதங்கள் பத்திரமாக இருந்தன. ஜோடிகளைப் பின்தொடர்வதும் நிற்கவில்லை. 300-இல் 22 நிச்சயதார்த்தங்கள் முறிந்தன, 278 கல்யாணங்கள் நடந்தன. 1980-க்குள் அவற்றில் 50 விவாகரத்தில் முடிந்திருந்தன. கெல்லியும் ஜேம்ஸ் கான்லியும் 1987-இல் வெளியிட்ட கட்டுரையில், மணமுறிவை முன்கூட்டியே காட்டிய குணங்கள் எவை என்று சொன்னார்கள். மனைவியோ கணவனோ எதற்கெடுத்தாலும் கலங்கிப்போகும் மனநிலை உள்ளவராக இருப்பது ஒன்று. கணவனுக்குத் தன் உந்துதலை அடக்கும் திறன் குறைவாக இருப்பது இன்னொன்று. கல்யாணத்துக்கு முன்பே நண்பர்கள் கண்டு எழுதிக்கொடுத்த குணங்கள் இவை.

கதை அதோடும் முடியவில்லை. அதே காகிதங்களை ஜோஷுவா ஜாக்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் எடுத்து, அந்த 600 பேரும் எத்தனை வயதுவரை வாழ்ந்தார்கள் என்ற விவரத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது. பொறுப்பானவன், புதியதை ஏற்கும் மனமுள்ளவன் என்று நண்பர்கள் சொன்ன ஆண்கள் நீண்ட காலம் வாழ்ந்திருந்தார்கள். மனம் கலங்காதவள், இணக்கமானவள் என்று நண்பர்கள் சொன்ன பெண்களும் அப்படியே. அவரவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டதைவிட நண்பர்கள் சொன்னது ஆயுளை நன்றாகக் காட்டியது. இருபத்தைந்து வயதில் ஒரு தோழி எழுதிக்கொடுத்த மதிப்பீடு, எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் பேசுகிறது. இதைப் படித்த அன்று நெடுநேரம் என் நண்பர்கள் ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குணத்தை எப்படி அளப்பது? வெப்பமானி மாதிரி ஒரு கருவி இதற்குக் கிடையாது. உளவியலாளர்கள் பிடித்த வழி எளிமையானது, அழகானது. ஒரு சமூகத்துக்கு முக்கியமான குணவேறுபாடுகள் எல்லாவற்றுக்கும் அந்தச் சமூகத்தின் மொழியில் சொல் இருக்கும். ஆகவே அகராதியைத் திற என்றார்கள். கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் ஆங்கில அகராதியைப் புரட்டி, ஆளைக் குறிக்கப் பயன்படும் சொற்கள் ஏறத்தாழ 18,000-ஐத் திரட்டி 1936-இல் வெளியிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் ஐந்து பெரிய கூறுகளுக்கு வந்து சேர்ந்தார்கள்: கலகலப்பு, இணக்கம், பொறுப்பு, மனக்கலக்கம், புதியதை நாடும் மனம். பால் காஸ்டாவும் ராபர்ட் மக்ரேயும் இவற்றுக்கு உருவாக்கிய வினாத்தாள் உலகமெங்கும் பயன்படுகிறது.

அதே 1936-இல்தான் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஆறு தொகுதிகளாக நிறைவடைந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை எங்கள் நெல்லைச் சீமைக்காரர். அந்தத் தொகுதிகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: இது பாதி உளவியல் நூல். ஆளைச் சொல்லும் சொற்கள் தமிழில் எத்தனை! முன்கோபி, முசுடு, சிடுமூஞ்சி, வெள்ளந்தி, சாது, கருமி, கூறுகெட்டவன், வாய்த்துடுக்கு, பயந்தாங்கொள்ளி. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஒரு பெண்ணை 'நறுவிசானவ' என்று சொன்னால், அவள் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பாள், செய்கிற வேலையைத் துப்புரவாகச் செய்வாள் என்று பொருள். ஐந்து கூறுகளில் பொறுப்பு என்பதன் ஒரு முகம் அது. 'நெஞ்சழுத்தக்காரன்' என்றால் உள்ளே நினைப்பதை வெளியே விடாதவன். ஐந்து கூறுகளில் இதை எதில் போடுவது? கலகலப்புக் குறைவு என்றும் சொல்லலாம், இணக்கக் குறைவு என்றும் சொல்லலாம், இரண்டும் முழுதாகப் பொருந்தாது. ஒவ்வொரு மொழியும் மனிதரைத் தனக்கே உரிய வகையில் கூறுபோடுகிறது. ஜிதேந்திர சிங், கிரீஷ்வர் மிஸ்ரா, புல டி ராட் மூவரும் இந்திச் சொற்களை வைத்து இதே வேலையைச் செய்து 2013-இல் வெளியிட்டபோது, சத்துவம், ராஜசம், தாமசம் என்ற முக்குணப் பாகுபாட்டை நினைவூட்டும் கூறுகள் தலைகாட்டின. தமிழ்ச் சொற்களை வைத்தும் ஓர் இளைஞர் கூட்டம் இந்த வேலையில் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. இந்தியாவில் உளவியல் துறை கொல்கத்தாவில் 1916-இலேயே பிறந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1940-களில் ஜி.டி. போவாஸ் தலைமையில் துறை உருவானது. நாம் ஒன்றும் நேற்று வந்தவர்கள் இல்லை.

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம். யாருக்குத் தெரியும்?

இதற்கு மிகத் தெளிவான விடை சொன்னவர் சிமின் வசீர். இப்போது மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். 2010-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 165 பேர் பங்கேற்றார்கள். ஒவ்வொருவரும் தம்மைத் தாமே மதிப்பிட்டார்கள். அவர்களுடைய நண்பர்களும் மதிப்பிட்டார்கள். அப்போதுதான் முதன்முதலாகச் சந்தித்த அந்நியர்களும் மதிப்பிட்டார்கள். பிறகு எல்லோரையும் ஆய்வுக்கூடத்தில் சில சோதனைகளுக்கு உட்படுத்தி, உண்மையில் யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். யார் பதற்றப்படுகிறார், குழுவில் உட்காரவைத்தால் யார் அதிகம் பேசுகிறார், அறிவுத்திறன் சோதனையில் யார் எத்தனை மதிப்பெண் எடுக்கிறார் என்றெல்லாம்.

மூன்று விதமான விடை வந்தது. பதற்றம், மனக்கலக்கம் போன்றவற்றில் அவரவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. உள்ளே அடிக்கும் நெஞ்சு அடுத்தவருக்குக் கேட்காது. கலகலப்பு, பேச்சு இவற்றில் எல்லோர் சொன்னதும் ஏறக்குறைய சரி. வெளியே தெரிவது யாருக்கும் தெரியும். ஆனால் அறிவு, படைப்பாற்றல் போன்றவற்றில் நண்பர்கள் சொன்னதே சரியாக இருந்தது, தாமே சொன்னது தவறியது. ஏன்? இவை நல்லது கெட்டது என்ற மதிப்பு ஒட்டியிருக்கும் குணங்கள். நான் புத்திசாலி இல்லை என்று ஒப்புக்கொள்வது யாருக்கும் கஷ்டம். அந்த இடத்தில் தன் கண்ணைத் தன் மனமே மறைத்துவிடுகிறது. நண்பருக்கு அந்த மறைப்பு இல்லை.

ஆக, ஒருவரைப் பற்றிய முழு உண்மை ஒரே ஆளிடம் இருப்பதில்லை. அது பிரிந்து கிடக்கிறது. உள்ளத்தின் வேதனை அவரிடம், வெளியில் தெரியும் நடத்தை கூட இருப்பவரிடம், நல்லது கெட்டது கூடிய மதிப்பீடு தோழமையிடம்.

இப்போது புளியமரத்துக்குப் போகலாம். திருக்குருகூர் என்ற பழைய பெயர் கொண்ட இந்த ஊரில், ஆதிநாதர் கோயிலுக்குள், உறங்காப்புளி என்று ஊரார் சொல்லும் அந்த மரம் நிற்கிறது. மற்றப் புளியமரங்கள் இரவில் இலை கூப்பும், இது கூப்பாது என்பது ஊர் நம்பிக்கை. பிறந்தபோது அழாத ஒரு குழந்தை, பேசாமல், கண் திறக்காமல் பதினாறு ஆண்டுகள் இதனடியில் இருந்ததாகவும், பக்கத்துத் திருக்கோளூரில் பிறந்த மதுரகவி என்ற மூத்த வயதுக்காரர் தேடி வந்து கேட்ட கேள்விக்கு முதன்முதலாக வாய் திறந்ததாகவும் வைணவ மரபு சொல்கிறது. அவர்தான் நம்மாழ்வார். திருவாய்மொழியில் அவர் பாடிய 100 பதிகங்களில் 27 பெண் குரலில் அமைந்தவை. பராங்குச நாயகி என்ற அந்தப் பெண் திருமாலிடம் கொண்ட காதலை மூன்று பேர் சொல்கிறார்கள்: அவளே சொல்வது, அவள் தாய் சொல்வது, அவள் தோழி சொல்வது. தமிழ் அகமரபையொட்டி இவற்றை மகள் கூற்று, தாய் கூற்று, தோழி கூற்று என்கிறோம்.

இந்த மூன்று கூற்றுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். மகள் பாடும்போது இரவு வருகிறது. ஊரெல்லாம் உறங்கிவிட்டது, இருட்டு மூடிவிட்டது, விடிய மறுக்கும் அந்த இரவில் தன் உயிரை யார் காப்பார் என்று கேட்கிறாள். அந்த நேரத்தில் அவளைப் பார்க்க யாரும் விழித்திருக்கவில்லை. அவள் சொன்னாலன்றி அது வெளியே தெரிய வழியில்லை. தாய் பாடும்போதோ ஒரு பட்டியல் வருகிறது. என் மகள் மண்ணைத் துழாவி இது அவன் அளந்த மண் என்கிறாள், வானத்தைக் காட்டுகிறாள், கண்ணீர் விடுகிறாள், சுடும் நெருப்பையும் பயமின்றித் தழுவுகிறாள் என்று கண்ணால் கண்டதை ஒன்றொன்றாகச் சொல்கிறாள். உளவியல் மாணவர் எழுதும் நடத்தைக் குறிப்பு இப்படித்தான் இருக்கும். தோழி பாடும்போது தொனியே மாறிவிடுகிறது. ஆற்றுக்கு அக்கரையிலேயே இருக்கும் தொலைவில்லிமங்கலம், இன்று இரட்டைத் திருப்பதி என்கிறோமே, அந்த ஊருக்கு அவளை அழைத்துப்போனவர்கள் நீங்கள்தானே, அவள் மனம் அங்கேயே போய்விட்டது, இனி இவள்மேல் உங்களுக்குள்ள ஆசையை விட்டுவிடுங்கள் என்று தாய்மாரைப் பார்த்து நேராகச் சொல்கிறாள். அது மதிப்பீடு. மகளால் சொல்ல முடியாதது, தாய்க்குச் சொல்ல மனம் வராதது.

ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஆழ்வார் உளவியல் ஆய்வு செய்துவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பக்திக்கும் அறிவியலுக்கும் ஒருசேர அநியாயம். வசீர் அளந்து காட்டினார், பாசுரம் உணர்ந்து பாடியது. இரண்டும் வேறு வேலை. நான் சொல்வது இவ்வளவே: ஒரு மனத்தை அறிய மூன்று பக்கமிருந்தும் கேட்க வேண்டும் என்ற பழக்கம் நம் இலக்கியத்தில் ஊறிக்கிடக்கிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வைணவ ஆசாரியர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் தம் ஆசார்ய ஹிருதயம் நூலில், இந்த மூன்று பேரும் ஒரே ஆழ்வாரின் மூன்று மனநிலைகள் என்று விளக்குகிறார். உறவை உணர்வது தோழி. எடுத்த முடிவில் உறுதியாக நிற்பது தாய். அடைந்தே தீர வேண்டும் என்று பதறுவது மகள். ஒரே நெஞ்சுக்குள் மூன்று குரல்! கோயிலில் பாசுரங்களைப் பாடி நடிக்கும் அரையர் சேவையில் முத்துக்குறி என்றொரு பகுதி உண்டு. காதலில் வாடும் மகள், கவலைப்படும் தாய், குறி சொல்லும் கட்டுவிச்சி எல்லாருமாக ஒரே அரையர் மாறி மாறி நடிப்பார். அரையர் சேவை இன்னும் உயிரோடிருக்கும் மிகச் சில தலங்களில் ஆழ்வார்திருநகரியும் ஒன்று.

டீக்கடைக்குத் திரும்புவோம். அங்கே ஒரு கோளாறு இருக்கிறது. கேட்கிறவர் யாரிடம் கேட்கிறார்? கடைக்காரர் அண்டை வீட்டுக்காரர், வாடிக்கையாளரின் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறார், கல்யாணத்தைக் கெடுத்த பாவம் தனக்கு வேண்டாம் என்று நினைக்கிறார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்ற பழமொழி நம் ஊரில் எல்லோருக்கும் வசதியாகத் தெரியும். ஆயிரம் முறை போய்ச் சொல்லி என்பதுதான் மருவிவிட்டது என்று சிலர் விளக்கம் தருவார்கள். நடைமுறையில் இருப்பது பொய்தான். ஆய்வுகளிலும் இதே சிக்கல் உண்டு. உங்களைப் பற்றிச் சொல்ல ஓர் ஆளைக் காட்டுங்கள் என்றால், எல்லோரும் தம்மை விரும்புகிற ஆளைத்தான் காட்டுவார்கள். அவர் நல்லதையே எழுதுவார். கெல்லியோ ஒரே நண்பரோடு நிறுத்தாமல் பலரிடம் கேட்டார்.

அதைவிடப் பெரிய கோளாறு, எதைக் கேட்கிறோம் என்பது. சாதி, சொத்து, சம்பளம், ஜாதகம் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, குணத்துக்கு ஒரே ஒரு கேள்வி: ஆளு எப்பிடி? அதற்கும் விடை பாதியில் நிற்கிறது. சாதி மாறிக் காதலித்ததற்காகப் பிள்ளைகளைக் கொல்லும் கொடுமை எங்கள் நெல்லை மண்ணில் இன்னும் ஓயவில்லை. நான் படித்த எந்த ஆளுமை ஆய்வும் நல்ல தாம்பத்தியத்துக்குச் சாதியை ஒரு காரணமாகக் கண்டதில்லை. அதை இந்த இடத்தில் உரக்கச் சொல்லாமல் நகர்ந்தால் நான் எழுதுவதற்கு அர்த்தமில்லை.

'கொஞ்சம்' என்று கடைக்காரர் நிறுத்திய இடத்துக்கு நம் வீடுகளில் ஒரு மருந்து தயாராக இருக்கும். "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிரும்." குடிக்கிற பையன், கோபத்தில் பொருளை உடைக்கிற பையன், வேலையில் நிலைக்காத பையன், எல்லாருக்கும் அதே மருந்து. ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒருவனுக்கு மருந்தாக அரைத்து ஊற்றுகிறோம்.

இதைப் பற்றி ஆய்வு என்ன சொல்கிறது? குணம் கல்லில் எழுதியது என்று சொல்லவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்ற பழமொழி முழு உண்மை கிடையாது. பிரென்ட் ராபர்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 92 நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006-இல் சொன்னபடி, வயது கூடக் கூட மனிதர்கள் சராசரியாகப் பொறுப்பும் நிதானமும் கூடுகிறார்கள்; இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள்தான் இந்த மாற்றம் அதிகம். ஜெர்மனியில் பிரான்ஸ் நையரும் யென்ஸ் ஆஸென்டார்ஃபும் செய்த ஆய்வில், முதன்முறையாக நிலையான உறவுக்குள் வந்த இளைஞர்களின் மனக்கலக்கம் ஓரளவு தணிந்திருந்தது. ஆகவே துணை கிடைத்தால் மனம் அமைதிப்படும் என்பதில் உண்மை இருக்கிறது.

ஆனால் அளவைப் பாருங்கள். இந்த மாற்றங்கள் மெதுவானவை, சிறியவை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை பின்தொடரும் ஓர் ஆய்வு இருக்கிறது. அவர்கள் வளர்ந்து காதலித்து, பிரிந்து, வேறொருவரோடு சேர்ந்தபோதும் ஆய்வாளர்கள் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எளிதில் எரிச்சலும் கோபமும் கொள்கிறவர்கள், துணை மாறிய பிறகும் அதே மாதிரி சச்சரவுள்ள உறவையே கண்டார்கள். புதிய ஆள் வந்தார், பழைய சண்டை தொடர்ந்தது. கெல்லியின் 50 விவாகரத்துகளும் அதையே சொல்கின்றன. அந்தக் கணவன்மாருக்கும் கல்யாணம் என்ற கால்கட்டு போட்டிருந்தது. அடக்கமின்மை அதை அறுத்துக்கொண்டு போனது.

பொருத்தம் பார்ப்பதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். தினம், கணம், யோனி, ராசி, ரஜ்ஜு என்று பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் காதலர்க்குப் பத்து ஒப்புமைகளைச் சொல்கிறது. அதில் பிறப்பும் குடியும் இருக்கின்றன, உண்மைதான். கூடவே வயது, உருவம், அன்பு, நிறை, அருள், உணர்வு இருக்கின்றன. நட்சத்திரம் இல்லை. அதற்கு அடுத்து, தலைமக்களிடம் இருக்கக் கூடாதவை என்று இன்னொரு பட்டியல். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பொறாமை, கொடுமை, தன்னைத் தானே வியந்துகொள்வது, புறம் பேசுவது, கடுஞ்சொல், சோர்வு, சோம்பல், தன் குலத்தை நினைத்து மகிழ்ந்துகொண்டிருப்பது, மறதி, பிறரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒரு பேராசிரியர் இதை வினாத்தாளாக மாற்றி இன்றைக்குக் கொடுக்கலாம். நிறை, அதாவது தன்னடக்கம், என்று தொல்காப்பியர் சொன்னதும், கணவனிடம் குறைந்தால் மணம் முறியும் என்று கெல்லி கண்டதும் மிக அருகருகே நிற்கும் இரண்டு கருத்துகள்.

ஒத்த குணமுள்ளவர்கள் சேர்ந்தால் நன்றாக வாழ்வார்களா? ஈர்ப்பைப் பொறுத்தவரை ஆமாம் என்று காட்டியவர் டான் பர்ன். அவரிடம் அமெரிக்காவில் பயின்றவர் ராமாதர் சிங் என்ற இந்தியப் பேராசிரியர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வுகள் இன்னொரு நுட்பத்தைக் காட்டின: கருத்து ஒற்றுமை இழுப்பதைவிட, கருத்து வேற்றுமை விலக்குவது அதிக வலுவுள்ளது. ஆனால் முதல் சந்திப்பு வேறு, இருபது வருட வாழ்க்கை வேறு. மேத்யூ மான்டோயா குழுவினர் 313 ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் சொன்னார்கள்: ஏற்கெனவே சேர்ந்து வாழ்கிறவர்களிடம், உண்மையில் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பது பெரிதாகக் கணக்கில் வருவதில்லை, நாம் ஒத்தவர்கள் என்று அவர்கள் நினைப்பதுதான் கணக்கில் வருகிறது. அவனும் அவளும் பொருத்தமா என்ற கேள்வியைவிட, அவன் யார், அவள் யார் என்ற தனித்தனிக் கேள்விகளே முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

காதல் கல்யாணமா, பெரியவர்கள் பார்த்த கல்யாணமா என்ற பட்டிமன்றத்தையும் ஆய்வு தீர்த்துவைக்கவில்லை. ஜெய்ப்பூரில் உஷா குப்தாவும் புஷ்பா சிங்கும் 50 ஜோடிகளிடம் செய்த 1982-ஆம் ஆண்டு ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: காதல் கல்யாணத்தில் அன்பு தொடக்கத்தில் அதிகம், ஆண்டுகள் போகப் போகப் பார்த்துச் செய்த கல்யாணத்தில் அன்பு முந்துகிறது என்று. பமேலா ரீகன் அமெரிக்காவில் வாழும் இந்தியர் 58 பேரிடம் கேட்டு 2012-இல் வெளியிட்டதில் இரண்டு வகைக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டுமே சிறிய ஆய்வுகள். இவற்றை வைத்து ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்ய வேண்டாம்.

என் மாமா அன்றைக்கு அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்று கண்டுபிடிக்க மறுபடியும் ஒரு தடவை ரயிலேறிப் போனார். இந்த முறை டீக்கடைக்குப் போகவில்லை. பையனோடு படித்தவன், அவனோடு அறையில் தங்கியிருந்தவன், பக்கத்து வீட்டில் வாக்கப்பட்டு வந்த ஒரு பெண், மூன்று பேரைத் தேடிப்பிடித்துக் கேட்டார். என்ன கேட்டார் தெரியுமா? நல்லவனா என்று கேட்கவில்லை. கோபம் வந்த அன்று என்ன செய்தான், அடுத்த நாள் காலையில் என்ன செய்தான் என்று கேட்டார். குணத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்; பராங்குச நாயகியின் தாய் சொன்னதுபோல் கண்ணால் கண்டதைச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் பார்க்கும்போது, வருகிறவரின் தோழமையைத் தேடிப் போங்கள். உங்கள் பிள்ளையின் தோழமையையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இது சரியாக வருமா என்று கேளுங்கள். நீங்கள் கேட்க விரும்பாத ஒன்றை அவர்கள் சொல்லக்கூடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வாழப்போகிறவளைக் கேளுங்கள். நம் வீடுகளில் கடைசியாகக் கேட்கப்படுகிறவள் அவள்தான். திருவாய்மொழியின் அந்த 27 பதிகங்களில் தோழி பேசுவது 3, தாய் பேசுவது 7. மீதி 17-உம் மகள் பேசுவது.